பினாங்கை ஒரே நாள்ல முடிக்கச் சொல்ற டூர் ஏஜெண்ட்மார்களுக்கு

சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர்னு அங்கங்க உக்காந்து மலேசியா பேக்கேஜ் போடுற ஏஜெண்ட்மார்களுக்கும், அவங்களுக்காக கோலாலம்பூர்ல இருந்து ரூம், வண்டி எல்லாம் புக் பண்ணிக் குடுக்குற நம்ம ஆளுங்களுக்கும் வணக்கம்.

நான் பினாங்குல வேன் ஓட்டுறவன். நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புற பிளானை வச்சுத்தான் என் வீட்ல அடுப்பெரியுது, அதனால சண்டை போடுறதுக்கு இதை எழுதல. ஆனா போன்ல சொன்னா "சரிண்ணே, அடுத்த குரூப்புக்கு பாத்துக்கலாம்"னு சொல்லி வச்சிடுறீங்க, அடுத்த குரூப்புக்கும் அதே பிளான்தான் வருது, மேல இருக்குற பேரும் தேதியும் மட்டும் மாறியிருக்கு. அதான் எல்லாரும் படிக்கட்டும்னு பொதுவுல எழுதுறேன்.

அந்த பிளான் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், இருந்தாலும் ஒருக்கா எழுதிக் காட்டுறேன். காலையில பத்து மணிக்கு பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்ல பிக்அப், நேரா பத்து பெரிங்கி பீச், அங்கருந்து கொடிமலை (பினாங்கு ஹில்), அப்புறம் கெக் லோக் சி சீனக் கோவில், அப்புறம் சாக்லேட் கடை, மத்தியானம் மூணு மணிக்கு ஜார்ஜ் டவுன் சுவர் ஓவியம், அஞ்சு மணிக்கு பாம்புக் கோவில், ராத்திரி மறுபடியும் பத்து பெரிங்கியில ஹோட்டல். மறுநாள் விடிகாலையில லங்காவி ஃப்ளைட். முடிஞ்சுது பினாங்கு.

மேப்பை ஒருக்கா தெறந்து பாருங்க சார். ஏர்போர்ட் தீவோட தெக்குப் பக்கம். பத்து பெரிங்கி வடக்குக் கோடி. கொடிமலையும் கெக் லோக் சியும் நடுவுல ஆயர் ஈத்தாம்ல. பாம்புக் கோவில் ஏர்போர்ட்டுக்கு கிட்டக்க, வந்து எறங்குனதும் ரெண்டு எட்டுல பாத்துட்டு வந்துடலாம், அதப் போய் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வச்சிருக்கீங்க, அது பாயான் லெப்பாஸ் பேக்டரிங்க விடுற நேரம், பஸ்ஸு, மோட்டார், காடின்னு ரோடே அடைச்சுக்கும். அந்த ஜாம்ல வேன்ல உக்காந்திருக்குற குடும்பம் என்னைத்தான் பாக்கும், உங்கள இல்ல. "என்னப்பா டிரைவர், பினாங்குன்னா ரோடுதானா"ன்னு ஒரு ஐயா கேட்டாரு, அவரு கேட்டதுல தப்பே இல்ல, அன்னிக்கு அவரு பாத்ததுல முக்காவாசி என் வேன் ஜன்னல்தான்.

பத்து பெரிங்கி ரோடு வேற இருக்கு. தஞ்சோங் பூங்காங்கிற ஊரு தாண்டுனதும் ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் கடல், பாக்க அழகுதான், ஆனா ஒடுக்கமான ரோடு, வளைவு மேல வளைவு, ராத்திரி முழுக்க ஃப்ளைட்ல தூங்காம வந்த பிள்ளைங்களுக்கு வயித்தப் பெரட்டிடும். என் வேன்ல பிளாஸ்டிக் பை எப்பவும் இருக்கும், அதுக்காக அதை யூஸ் பண்ற மாதிரியா பிளான் போடுவீங்க?

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. பினாங்குக்கு ரெண்டு ராத்திரி குடுங்க, மத்தியானத்த சும்மா விடுங்க. அவ்வளவுதான். காலையிலயும் சாயங்காலத்துலயும் பாக்க வேண்டிய ஊரு இது. பூமத்திய ரேகைக்கு அஞ்சு டிகிரி மேல இருக்கோம், பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் வெயில் மண்டையைப் பொளக்கும், இல்லன்னா மழை கொட்டும். செப்டம்பர், அக்டோபர் மாசம்னா மழை இன்னும் ஜாஸ்தி. அந்த நேரத்துல ஆர்மேனியன் ஸ்ட்ரீட்ல சைக்கிள் ஓவியத்துக்கு முன்னாடி போட்டோ எடுக்க வரிசையில நிக்க வைக்கிறீங்க. 2012ல எர்னஸ்ட் சாக்கரேவிச்னு லித்துவேனியாக்காரரு வரைஞ்சது அது, நல்லாத்தான் இருக்கும், ஆனா மூணு மணி வெயில்ல அதுக்கு எதிர்ல நிக்கிற அம்மாமார் மூஞ்சியப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு. ஹோட்டல்ல ஏசியப் போட்டு தூங்கட்டும் சார், பிள்ளைங்க நீச்சல் குளத்துல கெடக்கட்டும், காசு குடுத்துத்தானே ரூம் எடுத்திருக்காங்க.

சரி, காலையில என்ன பண்றதுன்னு கேப்பீங்க. தண்ணீர்மலைக்கு அனுப்புங்க. அது உங்க பிளான்ல இல்லவே இல்லைங்கிறதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம், தமிழ் ஆளுங்களுக்கு தமிழ் ஆளுங்க போடுற பேக்கேஜ்ல. அந்த வாட்டர்ஃபால் ரோட்டு பக்கமே சுத்தி சுத்தி மூணு நாலு எடம் இருக்கு. ஐநூறு படிக்கு மேல ஏறுனா பாலதண்டாயுதபாணி மலைக்கோவில், விடியக்காலையில ஏறி மேல நின்னா ஜார்ஜ் டவுனும் அதுக்கு அந்தப் பக்கம் கடலும் தெரியும். படி ஏற முடியாதவங்களுக்கு அடிவாரத்துலயே பிள்ளையார் கோவில் இருக்கு. அதே பக்கத்துல 1850கள்ல கட்டுன நாட்டுக்கோட்டை செட்டியார் கோவில். கொஞ்சம் தள்ளி 1884ல ஆரம்பிச்ச பொட்டானிக் கார்டன், உள்ளூர்க்காரங்க எல்லாம் காலையில நடக்க வர்ற எடம், பெரிய பெரிய மரம், நெழல். குரங்குங்க இருக்கும், கையில பிளாஸ்டிக் பை வச்சிருந்தா பிடுங்கிடும், அத மட்டும் முன்கூட்டியே சொல்லிடணும். ஆறரைக்கு கிளம்பி, கோவில், கார்டன் எல்லாம் பாத்துட்டு, ஒம்பதரைக்கெல்லாம் லிட்டில் இந்தியாவுல போய் பசியாறிடலாம். டிக்கெட்டுக்குன்னு பெரிய செலவும் கிடையாது. ஒருவேளை அதனாலதான் உங்க பிளான்ல வரலையோ என்னவோ.

போன வருசம் ஒரு குரூப்ல தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருத்தங்க வந்தாங்க. எழுபதுக்கு மேல இருக்கும் வயசு. அவங்க பாட்டையா காலத்துல பினாங்கு ஸ்ட்ரீட்ல கிட்டங்கி வச்சு வட்டித் தொழில் பண்ணாங்களாம். வேன்ல ஏறுனதுல இருந்து "தம்பி, நகரத்தார் கோவிலுக்கு எப்பப் போவோம்"னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. பிளான எடுத்துப் பாத்தா அந்தக் கோவில் இல்ல, ஆனா சாக்லேட் கடை இருக்கு, டுரியான் மிட்டாய் கடை இருக்கு, லேடெக்ஸ் தலகாணி கடை கூட இருக்கு. நான் தலகாணிக் கடையை பிளான்ல இருந்து தூக்கிட்டு கோவிலுக்கு வண்டியத் திருப்பிட்டேன். உள்ள போன அஞ்சு நிமிசத்துல அங்க இருந்த ஒரு பெரியவரு "எந்த ஊரு, எந்தக் கோவில்"னு விசாரிச்சாரு, நகரத்தார் பிரிவுக்கு ஒண்ணா இருக்குற ஒம்பது கோவில்ல இவங்க எந்தக் கோவில்னு ஆச்சி சொன்னாங்க, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் யாரு யாருக்கு என்ன முறை, யாரு பேரன் இப்ப எங்க இருக்கான்னு பேச ஆரம்பிச்சவங்கதான், கூட வந்த மருமக ரெண்டு தடவ வந்து கூப்பிட்டும் நகரல. அந்த நேரம் பாத்து எனக்கு போன், "அண்ணே கடைக்காரங்க வெயிட் பண்றாங்க, குரூப் எங்க?" குரூப் கோவில் திண்ணையில உக்காந்திருக்குன்னு சொன்னேன். அந்த ஏஜெண்ட் அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடல. பரவால்ல.

கடைக்கு ஆள் கொண்டு போனா கமிஷன் வரும்னு எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் வரும் டிரைவருக்கும் கொஞ்சம் வரும், அதுல ரகசியம் ஒண்ணுமில்ல. ஒரு கடைன்னா போய்த் தொலையுது. ஒரு நாளைக்கு மூணு கடைன்னா, அந்த நேரத்தையெல்லாம் கூட்டுனா ஒரு கோவிலும் ஒரு மலையும் பாத்துடலாம். அதுவும் ஜாதிக்கா ஊறுகா, ஜாதிக்கா ஜூஸ், காப்பித்தூள் எல்லாம் சௌராஸ்தா மார்க்கெட் பக்கத்துலயே கிடைக்குது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல வெள்ளக்காரன் தோட்டம் போட்டு வளத்த ஜாதிக்கா இது, பினாங்குக்குன்னு உள்ள பொருள். அத வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க, தலகாணி உங்க ஊர்லயே கிடைக்கும்.

கொடிமலையைப் பத்தி கொஞ்சம் பேசணும். ரயில் 1923ல வந்தது, 2011ல புது வண்டி போட்டாங்க, இப்ப நடுவுல எறங்கி மாறாம நேரா மேல போயிடலாம், சில நிமிசந்தான். மேல போனா கீழ இருக்குறதவிட அஞ்சு டிகிரி குளுமையா இருக்கும், முருகன் கோவிலும் பக்கத்துல மசூதியும் இருக்கு, காட்டுக்குள்ள நடக்குறதுக்கு ஹாபிடாட்னு ஒரு எடம் இருக்கு, 2021ல அந்த மலைக் காட்டையே யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்சுச்சு. எல்லாம் சரி. ஆனா சனி ஞாயிறு, ஸ்கூல் லீவு, சீனப் புத்தாண்டுப் பெருநாள்னா பதினோரு மணிக்கு அங்க போறது தண்டனை. ஏற ஒரு க்யூ, எறங்க அதைவிடப் பெரிய க்யூ. நான் கீழ கார்பார்க்ல ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரம் உக்காந்திருப்பேன், மேல அவங்க நின்னுக்கிட்டே இருப்பாங்க. காலையில முதல் வண்டிக்கு அனுப்புங்க, இல்லன்னா வார நாள்ல சாயங்காலம் அனுப்புங்க, விளக்கு போட்டதும் ஜார்ஜ் டவுன், ரெண்டு பாலம், எதிர்க்கரை பட்டர்வொர்த் எல்லாம் மினுமினுன்னு தெரியும். ஃபாஸ்ட் லேன் டிக்கெட்னு ஒண்ணு இருக்கு, கொஞ்சம் காசு கூட, வயசானவங்க இருக்குற குரூப்புக்காவது அதப் போட்டுக் குடுங்க, பேக்கேஜ் விலையில அதைச் சேத்துச் சொன்னா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க.

கெக் லோக் சிக்கு இன்னொரு சேதி. ஆமைக் குளத்துப் பக்கமா படியேறிப் போற வழி ஒண்ணு இருக்கு, ரெண்டு பக்கமும் துணிக்கடை, முட்டி வலிக்காரங்களுக்கு அது வேண்டாம். வேன் மேல வரைக்கும் போகும், அங்கருந்து குவான் யின்ங்கிற சீனப் பெண் தெய்வத்தோட சிலைக்கு லிஃப்ட் இருக்கு. முப்பது மீட்டர் உசரம் வெண்கலச் சிலை, 2002ல முடிச்சாங்க. 1930ல கட்டுன ஏழடுக்கு கோபுரத்த நின்னு பாக்கச் சொல்லுங்க, அடியில சீன பாணி, நடுவுல தாய்லாந்து, உச்சியில பர்மா. சீனப் பெருநாள் சமயத்துல ராத்திரியில லைட் போட்டு ஜொலிக்கும், அப்ப ஆயர் ஈத்தாம் ரோடு நகராது, அத மட்டும் மனசுல வச்சிக்கிட்டு அனுப்புங்க.

இப்ப கடலுக்கு வர்றேன். இதுலதான் எனக்கு ரொம்ப திட்டு விழுது.

உங்க நோட்டீஸ்ல போடுற கடல் படம் பினாங்கு கடல் இல்ல. கண்ணாடி மாதிரி நீலத் தண்ணி, தண்ணி மேல குடிசை போட்ட ரூம், அது மாலத்தீவு படம்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்க இருக்கறது மலாக்கா ஜலசந்தி, ஆழம் கம்மி, ஆத்துச் சேறு வந்து கலக்குது, தண்ணி பச்சையும் பழுப்புமாத்தான் இருக்கும். அதைச் சொல்லியே கூட்டிட்டு வாங்க. ஸ்நார்கலிங் பண்ணணும், பவளம் பாக்கணும்னு கேக்குறவங்கள கெடா பக்கம் பாயார் தீவுக்கு அனுப்புங்க, லங்காவி போறவங்க அங்கருந்தே போயிட்டு வரலாம். இல்ல கிழக்குக் கரையில பெர்ஹெந்தியான், ரெடாங் அனுப்புங்க, ஆனா நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் அங்க மழைக்காலம், கடல் கொந்தளிப்பு, முக்காவாசி எடம் மூடிருக்கும், பொங்கல் லீவுக்கு அங்க புக் பண்ணிடாதீங்க.

பெரிங்கியில குளிக்கிறத நான் தடுக்கல. ஆனா ஜெல்லி மீன் இருக்கு சார், பாக்ஸ் ஜெல்லி மீனும் உண்டு, போர்டே வச்சிருக்காங்க, நம்ம ஆளுங்க அந்த போர்டுக்கு முன்னாடியே செல்ஃபி எடுத்துட்டு எறங்குறாங்க. கொட்டிடுச்சுன்னா நல்ல தண்ணிய ஊத்தி மணலப் போட்டுத் தேய்க்கக் கூடாது, வினிகர் ஊத்திட்டு உடனே டாக்டர்கிட்ட போகணும். என் வேன்ல ஒரு பாட்டில் வினிகர் எப்பவும் இருக்கும். ஒரு தடவ ஒரு பத்து வயசுப் பையனுக்கு கணுக்கால்ல சாட்டையால அடிச்ச மாதிரி சிவப்பா கோடு கோடா விழுந்துடுச்சு, அவன் போட்ட சத்தம் இப்பவும் ஞாபகம் இருக்கு, அவங்க அப்பா பதறிப்போய் மினரல் வாட்டர் பாட்டில தொறந்துட்டாரு, நான் ஓடிப்போய்த் தடுத்தேன். கிளினிக்ல காட்டி நல்லாயிட்டான். அவங்க பேக்கேஜ்ல டிராவல் இன்சூரன்ஸ் இல்ல, கேட்டா "ஆப்ஷனல் அண்ணே"ன்னாங்க. கடல்ல எறக்குறதா இருந்தா அது ஆப்ஷனல் இல்ல.

பாராசெய்லிங், ஜெட் ஸ்கீ, பனானா போட் எல்லாம் பீச்சுலயே பையனுங்க கூப்பிடுவாங்க, நல்ல பசங்கதான், ஆனா ஏறுறதுக்கு முன்னாடியே எத்தனை நிமிசம், எத்தனை வெள்ளி (ரிங்கிட்)னு பேசிக்கணும், லைஃப் ஜாக்கெட் பக்கிள் எல்லாம் மாட்டியிருக்கான்னு பாத்துக்கணும். பொம்பளைங்க துப்பட்டாவோட, சேலையோட பாராசெய்லிங் ஏறக் கூடாது, ஒரு செட் டிராக் சூட் எடுத்துட்டு வரச் சொல்லி லக்கேஜ் லிஸ்ட்ல ஒரு வரி போட்டா போதும். சாயங்காலம் வெயில் எறங்குனப்புறம் மணல்ல சும்மா நடக்கட்டும், குதிரை ஏறட்டும், இருட்டுனதும் ரோட்டோரத்துல ராத்திரி மார்க்கெட் போட்டுருவாங்க. பேரம் பேசுறதுல நம்ம அம்மாமாருக்கு நான் சொல்லிக் குடுக்க ஒண்ணுமில்ல.

பெரிங்கியத் தாண்டி தெலுக் பாஹாங் வரைக்கும் வந்துட்டா ஒரு நாளே ஓடிடும், இந்தப் பக்கம் உங்க பிளான் வர்றதே இல்ல. பிள்ளைங்க இருந்தா எண்டோப்பியா பட்டாம்பூச்சித் தோட்டம், கொஞ்சம் பெரிய பிள்ளைங்கன்னா எஸ்கேப் பார்க், ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளமான தண்ணிச் சறுக்கு அங்கதான் இருக்கு, கின்னஸ்ல வந்தது, மேல போயி உக்காந்தா மலைக் காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு கீழ வரும். பெரியவங்களுக்கு ஸ்பைஸ் கார்டன், ஏலக்கா, கிராம்பு, மிளகுன்னு நமக்குத் தெரிஞ்சதெல்லாம் செடியில எப்படி இருக்கும்னு பாக்கலாம், சமையல்ல தெனம் போடுற பொருளோட செடியையே பாக்காதவங்கதான் பாதிப் பேரு. ரோடு முடியிற எடத்துல 2003ல ஆரம்பிச்ச தேசியப் பூங்கா, அங்க படகு புடிச்சா மங்கி பீச், கெராச்சுட் கடற்கரை எல்லாம் போகலாம். கெராச்சுட்ல ஒரு ஏரி இருக்கு, மேல நல்ல தண்ணி, அடியில உப்புத் தண்ணி, ரெண்டும் கலக்காது. எல்லா மாசமும் தண்ணி இருக்காது, வறண்டு சேறா கெடக்குற நாளும் உண்டு, அதனால அத நம்பி மட்டும் போகக் கூடாது. பச்சை ஆமைங்க முட்டை போட வர்ற கரையும் அதுதான், குஞ்சு வளத்து கடல்ல விடுற எடம் ஒண்ணு வச்சிருக்காங்க. காலையிலயே போகணும், மத்தியானத்துக்கு மேல காத்து ஏறிட்டா படகு குலுக்கும்.

ஜார்ஜ் டவுன வேன்ல சுத்திக் காட்டச் சொல்லாதீங்க, அது நடக்குற ஊரு. 2008 ஜூலைல மலாக்காவோட சேத்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டாங்க, ஒடுக்கமான தெரு, நிறுத்த எடம் கிடைக்காது, ஓரமா நிறுத்துனா சம்மன் எனக்கு வரும். காலையில எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும், இல்ல அஞ்சு மணிக்கு மேல, என்னை எங்கயாவது எறக்கிவிடச் சொல்லிட்டு நடக்கட்டும். குயின் ஸ்ட்ரீட்ல 1833 மாரியம்மன் கோவில். கொஞ்ச தூரத்துல தமிழ் முஸ்லிம்கள் 1801ல எழுப்புன கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சூலியா ஸ்ட்ரீட்ல நாகூர் தர்கா, ஆமா, நம்ம நாகூர் ஆண்டவர் பேர்லதான், பாத்தா சின்னதா இருக்கும். அதே பக்கம் சீனக் கோவில், 1818ல கட்டுன செயின்ட் ஜார்ஜ் சர்ச். பத்து நிமிச நடையில இத்தனையும் இருக்கு. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துல இருந்து வந்த ஒரு குடும்பத்த தர்காவுக்கு முன்னாடி எறக்கிவிட்டேன், அவங்க ஏஜெண்ட் இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. ஆயிரம் மைலுக்கு மேல கடல் தாண்டி நம்ம ஆளுங்க வந்து கட்டுனத, நம்ம ஆளுங்களுக்கே காட்டாம சுவத்து ஓவியத்த மட்டும் காட்டி அனுப்புறது எந்த ஊரு நியாயம்?

கடல் மேல கட்டை நட்டு வீடு கட்டியிருக்குற சீனக் குடும்பங்களோட ஜெட்டிக்கும் போகலாம், ஆனா அது மியூசியம் இல்ல, ஆளுங்க குடியிருக்குறாங்க. கதவு தொறந்திருந்தா எட்டிப் பாக்குறதும், வீட்டுக்குள்ள சாமி கும்புடுறவங்கள போட்டோ எடுக்குறதும் வேணாம்னு நீங்க முன்னாடியே சொல்லி அனுப்பணும். நான் சொன்னா "டிரைவர் ரொம்பப் பேசுறாரு"ன்னு ரிவ்யூ போடுறாங்க.

சாப்பாடு. தமிழ்நாட்டுல இருந்து வர்ற ஆளுங்கள மூணு வேளையும் ஒரே நார்த் இந்தியன் பஃபேல கொண்டு போய் பன்னீரும் நானும் சாப்பிட வைக்கிறீங்களே, அது யாரு போட்ட கணக்கு? லிட்டில் இந்தியாவுல இட்லி தோசை, வாழை இலைச் சாப்பாடு, சைவக் கடை எல்லாம் இருக்கு, ராத்திரி தயிர் சாதம் கேக்குற அம்மாவுக்கும் வழி உண்டு. அதே சமயம் சைவக்காரங்களுக்கு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க: பினாங்கு லக்சா மீன் குழம்பு, கறி இல்லைன்னு சொன்னாலும் அதுல மீன் இருக்கு. பழ ரோஜாக்குன்னா வெறும் பழம்னு நெனச்சுடக் கூடாது, மேல ஊத்துற கருப்பு சாஸ்ல இறால் இருக்கு. நெறைய சம்பல்ல (மிளகாய்த் துவையல்ல) பெலாச்சான்னு இறால் விழுது போடுவாங்க. ஒரு பெரியம்மா விரதம் இருந்தவங்க, ரோஜாக்குல ரெண்டு வாய் சாப்பிட்டப்புறம் யாரோ சொல்ல, அன்னிக்குப் பூரா பச்சத் தண்ணி குடிக்கல. அதுக்கு பதிலா புத்து மாயாம் இருக்கு, நம்ம இடியாப்பந்தான், தேங்காப்பூவும் கருப்பட்டி மாதிரி சர்க்கரையும் போட்டு. ரோட்டோரத்துல சின்னச் சட்டியில ஊத்துற அப்போம் இருக்கு, முட்டை போட்டதா போடாததான்னு கேட்டு வாங்கிக்கணும். செண்டோல் இருக்கு, பச்சையா சேமியா மாதிரி இருக்குறது அரிசி மாவு, தேங்காப்பால், சிவப்பு பீன்ஸ், குலா மலாக்கா வெல்லம், ஐஸ், வெயிலுக்கு அதுக்கு மேல ஒண்ணு இல்ல. கறி மீன் சாப்பிடுறவங்கன்னா நாசி கண்டார் சாப்பிடாம அனுப்பக் கூடாது, தமிழ் முஸ்லிம்கள் தோள்ல காவடி மாதிரி கட்டித் தூக்கிட்டுப் போயி வித்த சோறு அது, நாலஞ்சு கொழம்ப ஒண்ணா ஊத்தித்தான் குடுப்பாங்க, "தனித்தனியா ஊத்துங்க"ன்னு சொன்னா கடைக்காரரு ஒரு மாதிரியா பாப்பாரு.

மே கடைசியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் வர்ற குரூப்புன்னா பாலிக் பூலாவ் பக்கம் ஒரு அரை நாள் விடுங்க, டுரியான் சீசன். தோட்டத்துலயே உக்காந்து சாப்பிடலாம், முசாங் கிங்ங்கிற ரகம் மட்டும்தான் டுரியான்னு நெனச்சிட்டு வருவாங்க, அங்க போயி ஆங் ஹே ரகம் சாப்பிட்டாத்தான் தெரியும். நாத்தம்னு மூக்கப் பொத்துறவங்களுக்கு ரம்புத்தான், மங்குஸ்தீன் இருக்கு. ஹோட்டலுக்குள்ள டுரியான் கொண்டு போனா ஃபைன் போடுவாங்க, என் வேன்லயும் ஏத்த மாட்டேன், அதையும் சொல்லிடுறேன்.

அப்புறம் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் ஓடுற பெரி (ஃபெர்ரி படகு). 1985ல திறந்த பாலத்த பதிமூணரை கிலோமீட்டர்னு சொல்லிக் காட்டுறீங்க, வேன்ல போனா பாலத்துல நிறுத்த முடியாது, ஜன்னல் வழியா ஒரு வீடியோ, அவ்வளவுதான். கோலாலம்பூர்ல இருந்து இடிஎஸ்ங்கிற மின்சார ரயில்ல வந்தா பட்டர்வொர்த்ல எறங்கி பக்கத்துலயே பெரி புடிக்கலாம், 2023ல புதுசா விட்டிருக்காங்க, கால் மணி நேரத்துல ஜார்ஜ் டவுன். சல்லிசான காசு. பெட்டியெல்லாம் நான் வேன்ல கொண்டு வந்துடுறேன், ஆளுங்க மட்டும் பெரியில வரட்டும். இப்படி நான் பலருக்கு பண்ணிக் குடுத்திருக்கேன், பிள்ளைங்க ஊருக்குப் போயும் அதைத்தான் பேசுதுங்களாம்.

தைப்பூசத்துக்கு ஆள் அனுப்புறதா இருந்தா ரூமை ரொம்ப முன்னாடியே போடுங்க, ரோடு மூடுவாங்க, வேன் தண்ணீர்மலை கிட்ட வராது, நடக்கத் தெம்பு இருக்கறவங்கள அனுப்புங்க. வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்ல இருந்து கிளம்பும், 2017ல இருந்து தங்க ரதமும் ஓடுது, ரோட்டு நெடுக தேங்கா மலை மாதிரி குவிச்சு ஒடைப்பாங்க. அத விளக்கிச் சொல்ல எனக்கு இன்னொரு மடல் வேணும்.

2023 டிசம்பர்ல இருந்து இந்தியாக்காரங்களுக்கு 30 நாள் விசா இல்லாம உள்ள விடுறாங்க, 2024 கடைசியில சென்னையில இருந்து பினாங்குக்கே நேரா இண்டிகோ வந்துச்சு. முன்ன மாதிரி கோலாலம்பூர் வழியா சுத்திக்கிட்டு, போற வழியில பினாங்கையும் தொட்டுட்டுப் போறோம்னு சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. பினாங்குக்குன்னே நாலு நாள் பேக்கேஜ் போட்டுப் பாருங்க. விக்காதுன்னு சொல்லாதீங்க, போட்டதே இல்லையே.

அடுத்த பிளான் அனுப்புறப்ப, தயவுசெஞ்சு மூணு விஷயம் மேலயே எழுதி அனுப்புங்க: குரூப்ல அறுபது தாண்டுனவங்க எத்தனை பேரு, சைவம் எத்தனை பேரு, ஃப்ளைட் நம்பர் என்ன. ஃப்ளைட் நம்பர ராத்திரி பன்னெண்டு மணிக்கு அனுப்பாதீங்க. மத்தியானம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் உள்ள கட்டத்த காலியா விட்டா, நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாம்ல இருந்து ஒரு வேன்காரன்